நீட்சிகளும் நெருப்புநரியும்

2002ல் வெளிவந்த மோசில்லா 1.0 ஒரு மூட்டை. உலாவி, மின்னஞ்சல், முகவரிப் புத்தகம், வலைப்பக்கம் தயாரிக்கும் கருவி, அரட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. இணையத்தில் ஒரு பக்கம் பார்க்க இத்தனையும் எதற்கு என்று டேவ் ஹயாட், பிளேக் ராஸ் முதலிய சிலருக்குத் தோன்றியது. வெறும் உலாவி மட்டும் கொடுப்போம், மற்றதை வேண்டியவர் வேண்டியபடி மாட்டிக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வந்தது, இரண்டு முறை பெயர் மாறி, 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸ் 1.0 ஆனது. தமிழில் நெருப்புநரி என்று செல்லமாக அழைக்கப்பட்டதும் இதுதான்.

மாட்டிக்கொள்ளும் அந்தத் துண்டுகளே நீட்சிகள். நெருப்புநரியின் சாளரம், பட்டை, பொத்தான் எல்லாமே எக்ஸ்யூஎல் என்ற குறிமொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதப்பட்டவை. நீட்சி எழுதுபவர் தன் வரிகளை நேராக அதன் மேலேயே ஒட்டிவிடலாம். ஒட்டிய பிறகு உலாவி செய்யக்கூடிய எதையும் நீட்சியும் செய்யலாம். குடித்தனம் வந்தவரிடம் வீட்டுக்காரர் மொத்தச் சாவிக் கொத்தையும் கொடுத்த மாதிரி.

இந்தச் சுதந்திரம்தான் நெருப்புநரியை வளர்த்தது. விளம்பரம் தடுக்க ஆட்பிளாக், ஸ்கிரிப்ட் தடுக்க நோஸ்கிரிப்ட், வலைப்பக்கத்தைப் பிரித்து மேய ஃபயர்பக் என்று வரிசையாக வந்தன. தமிழில் தட்டச்ச தமிழ்விசை வந்தது. பழைய எழுத்துருக்களில் இருந்த தளங்களை யுனிகோடாக மாற்றிக் காட்ட பத்மா வந்தது. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இத்தனை சுலபமாக இதெல்லாம் நடக்காது.

சுதந்திரத்துக்கு விலையும் இருந்தது. உலாவி, பக்கங்கள், நீட்சிகள் எல்லாம் ஒரே செயலாக்கத்தில் ஓடின. ஒரு நீட்சி தொங்கினால் எல்லாமே தொங்கும். இதைவிட மோசம் நினைவகக் கசிவு. நீங்கள் ஒரு தத்தலை மூடிவிட்டீர்கள், ஆனால் ஏதோ ஒரு நீட்சி அந்தப் பக்கத்தைச் சுட்டும் ஒரே ஒரு மாறியை விடாமல் வைத்திருக்கிறது என்று வையுங்கள். அது போதும், மூடிய பக்கம் முழுவதும் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். பயனருக்கு இது தெரியாது. "நெருப்புநரி ராமைத் தின்கிறது" என்பது மட்டுமே தெரியும். உலாவியிலும் சொந்தக் கசிவுகள் இருந்தன என்பது உண்மைதான். 2008ல் வந்த 3ஆம் பதிப்பில் அவற்றில் நிறைய அடைபட்டன. கெட்ட பெயர் மட்டும் போகவில்லை.

2011 ஜனவரியில் மோசில்லா ஸ்கைப் கருவிப்பட்டையைத் தடை செய்தது. ஒரே வாரத்தில் சுமார் 40,000 செயலிழப்புகளில் அதற்குப் பங்கு இருந்ததாம். பக்கத்தில் தொலைபேசி எண்களைத் தேடித் தேடி மாற்றியதில், சில வேலைகள் 300 மடங்கு வரை மெதுவாயின. அதே ஏப்ரலில் இன்னொரு கணக்கும் வந்தது. சராசரியாக ஒரு நீட்சி உலாவி திறக்கும் நேரத்தை 10 சதவீதம் கூட்டுகிறது என்றார்கள். பத்து போட்டால் இரட்டிப்பு!

கசிவுக்கு நல்ல மருந்து 2012 ஆகஸ்டில் 15ஆம் பதிப்பில் கிடைத்தது. கைல் ஹூவி எழுதிய திருத்தம் அது. நீட்சிகளைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சுவதற்குப் பதிலாக, தத்தல் மூடியதும் நீட்சியிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் எல்லாக் கயிறுகளையும் உலாவியே அறுத்துவிடும். அதற்குப் பிறகும் தொட முயலும் நீட்சிக்கு "செத்த பொருள்" என்று பிழைச்செய்தி வரும்.

ஆனால் எல்லாமே கசிவு இல்லை. ஆட்பிளாக் பிளஸ் ஒழுங்காக எழுதப்பட்ட நீட்சிதான். இருந்தும் விளம்பரங்களை மறைக்கும் அதன் நீண்ட பட்டியல், பக்கத்துக்குள் உள்ள ஒவ்வொரு உள்சட்டகத்துக்கும் தனியாக 4 எம்பி பிடித்தது. நூற்றுக்கணக்கான உள்சட்டகங்கள் கொண்ட ஒரு பக்கம் கிட்டத்தட்ட 2 ஜிபியைத் தொட்டதை 2014ல் மோசில்லாவின் நிக்கலஸ் நெதர்கோட் அளந்து காட்டினார். அதற்கான தீர்வு 2015ல், 41ஆம் பதிப்பில், உலாவியின் பக்கமிருந்தே வந்தது.

இதற்குள் போட்டி கைமீறிக்கொண்டிருந்தது. 2008ல் வந்த குரோம் தொடக்கத்திலேயே பக்கங்களைத் தனித்தனிச் செயலாக்கங்களில் ஓட்டியது. 2010ல் நீட்சிகளை அனுமதித்தபோதும் வேலி போட்டுத்தான் அனுமதித்தது. மோசில்லா இதே பிரிப்பை 2009ல் தொடங்கி, நடுவில் கிடப்பில் போட்டு, 2016ல் 48ஆம் பதிப்பில்தான் மக்களுக்குக் கொடுத்தது. அதுவும் முதலில் யாருக்கு? நீட்சி எதுவும் போடாதவர்களுக்கு! பக்கத்தை நேரடியாகத் தொட்டுப் பழகிய பழைய நீட்சிகள், பக்கம் வேறு செயலாக்கத்துக்குப் போனதும் உடைந்தன. நெருப்புநரியை நேசித்து அலங்கரித்து வைத்திருந்தவர்களே வேகத்துக்குக் கடைசி வரிசையில் நின்றார்கள்.

முடிவு 2015 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 14 அன்று 57ஆம் பதிப்பில் நிறைவேறியது. பழைய முறை நீட்சிகள் அத்தனையும் அன்றோடு நின்றன. குரோமினுடையதைப் போன்ற, வேலிக்குள் இருக்கும் புது முறை மட்டுமே மிஞ்சியது. உலாவி பறந்தது உண்மை. பல ஆண்டு உழைப்பை இழந்த நீட்சி ஆசிரியர்கள் கொதித்ததும் உண்மை, அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. நோஸ்கிரிப்ட் சில நாட்களில் புது உருவில் வந்தது. டவுன்தெம்ஆல் 2019ல்தான் திரும்பியது. சாளரத்தின் தோற்றத்தையே மாற்றிய பல நீட்சிகளுக்குப் புது முறையில் வழியே இல்லை. மனசு கேட்காதவர்கள் பழைய முறையை வைத்திருந்த பேல் மூன் பக்கம் போனார்கள்.

2019 வாக்கில் நெருப்புநரியில் ஒரு சின்னப் பக்கம் வந்தது. எந்தத் தத்தல், எந்த நீட்சி எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று அதில் பெயர் போட்டுக் காட்டினார்கள்.