தேறாத காமிராவும் தேர்ந்த கையும்

காமிராவைத் திறந்து பார்த்த ஒருவர், “இதற்குச் செலவழிப்பது வீண்” என்று சொல்லிவிட்டால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற சந்தேகத்துக்கு, அந்த யந்திரம் சாமானியர் கைக்கு வந்த ஆரம்ப நாட்களில் அதிக இடமில்லை. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் காமிராவின் விலை 25 டாலர். அதிலிருந்த சுருளில் 100 படங்களை எடுத்து முடித்தவர், 10 டாலருடன் காமிராவையே ராச்செஸ்டர் தொழிற்சாலைக்கு அனுப்பிவைக்க, படங்களைக் கழுவி அச்சிட்டுப் புதுச் சுருளும் இட்டு அங்கிருந்து திருப்பியனுப்பினார்கள். 1900-இல் அதே கம்பெனி ஒரு டாலருக்கு பிரௌனி என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை விற்கத் தொடங்கியதும், ரிப்பேர்க் கூலி விலையை மிஞ்சிவிடக்கூடிய காமிராவும் வீடுகளில் புழங்கலாயிற்று.

இதற்கு நேர்மாறான மரபு ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்தில் வளர்ந்தது. ஆஸ்கார் பார்னாக் வகுத்த லைக்காவை 1925-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் வெளியிட்ட லைட்ஸ் கம்பெனியார், பிற்பாடு தூரம் அளக்கும் அமைப்போடு கூடிய மாதிரிகள் வந்தபோது, பழைய காமிராவைத் தொழிற்சாலைக்கு அனுப்பியவர்களுக்கு, அதன் எண்ணை மாற்றாமலே புதிய அமைப்புக்களைப் பொருத்தித் தரும் ஏற்பாட்டைச் செய்திருந்தனர். விற்ற பொருளின்மீது இத்துணைச் சிரத்தை காட்டிய அந்தத் தொழில் தர்மத்தை எண்ணுந்தோறும் எனக்கு மரியாதை பெருகுகிறது.

1976-இல் கானன் கம்பெனியின் ஏஇ-1 காமிராவுக்குள் நுண்செயலி புகுந்தது; பற்சக்கரங்களும் நெம்புகோல்களும் செய்துவந்த காரியங்கள் பலவற்றை மின்சுற்று மேற்கொள்ள, உறுப்புக்களில் 300 அளவில் குறைந்தன. அதுவரை கைத்திறனாலேயே பல பழுதுகளைச் சரிக்கட்டிய தொழிலாளிக்கு, கருகிய சுற்றுக்கு மாற்றுச் சுற்றுக் கிடைத்தாலன்றி வழியில்லாமற் போயிற்று. ஆயினும் இதே காமிராவில், பல ஆண்டுகள் கழிந்தபின், பொத்தானை அழுத்துந்தோறும் ஈனமான ஒரு கிறீச்சொலி எழுவதுண்டு. ஷட்டரே போயிற்று என்று உடையவர் அஞ்சுவார். உண்மையில் உள்ளிருக்கும் முகக்கண்ணாடியை இயக்கும் பகுதியில் ஒரு சிறு பற்சக்கரத்தின் எண்ணெய் வறண்டிருக்கும். நீண்ட ஊசியின் நுனியால் ஒரு சொட்டு எண்ணெயை உரிய இடத்தில் வைத்தால் ஒலி அடங்கிவிடும். இடமறியாதவர் இதையும் தேறாது என்று தள்ளிவிடக் கூடும்.

லென்ஸில் படரும் பூஞ்சையின் கதை வேறு. மேலோடு படர்ந்ததைத் துடைத்தெடுக்கலாம். அதன் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டதானால், எத்தனை துடைத்தாலும் தழும்பு போகாது. விளக்கொளியில் லென்ஸைச் சாய்த்துப் பிடித்து அந்தத் தழும்பை என் கண்ணுக்குக் காட்டுகிறவருடைய வார்த்தையை நான் தயங்காமல் ஏற்பேன்; காரணம் கேட்டதும் புதுக் காமிராவின் விலைப்பட்டியலை நீட்டுகிறவரிடத்தில் எனக்கு அந்த விசுவாசம் உண்டாவதில்லை.

எனினும் பழியெல்லாவற்றையும் கடைக்காரர் தலையில் சுமத்துவது அநியாயம். அமெரிக்காவில் நிக்கான் கம்பெனி 2012-இல், தன் அங்கீகாரம் பெறாத கடைகளுக்கு உதிரி பாகங்கள் விற்பதை நிறுத்தியது. 2020 மார்ச் இறுதியோடு, அங்கீகாரம் பெற்ற வெளிக்கடைகளின் ஏற்பாட்டையும் முடித்துக்கொண்டது. பாகங்களையும் கருவிகளையும் குறிப்பேடுகளையும் உரிமையாளருக்கும் வெளிக்கடைக்காரருக்கும் தரவேண்டுமென்று எலக்ட்ரானிக் சாதனங்கள் செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் கையொப்பமாயிற்று. 2023 ஜூலைக்கு முன் செய்தவற்றை அது தொடாதபடியால், அலமாரிகளில் உறங்கும் பழைய காமிராக்களுக்கு, உடைந்தவற்றை விலைக்கு வாங்கிப் பாகங்களைக் கழற்றிச் சேர்த்துவைக்கும் தொழிலாளிகளே இன்னும் கதி.