கடிகார டயலும் அதன் விலையும்

ஒரே தொழிற்சாலையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்யப்பட்ட இரண்டு கைக்கடிகாரங்களை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ஓடும் இயந்திரம் ஒரே வகை. கூடும் ஒரே வகை. ஆயினும் இன்று விற்கப் போனால் ஒன்றுக்கு மற்றதைப்போலப் பல மடங்கு விலை கிடைக்கிறது! இரண்டிற்கும் உள்ள வேறுபாடு முட்களுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தகடுதான். அதையே டயல் என்கிறோம். ஒரு தகட்டுக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது?

ரோலெக்ஸ் நிறுவனம் 1963-இல் ‘டேடோனா’ என்ற கடிகாரத்தை வெளியிட்டது. கார்ப் பந்தயக்காரர்களுக்கென்று செய்யப்பட்டது அது. அவற்றுள் சிலவற்றில் மட்டும், சிறு வட்டங்களில் சதுர முனையுள்ள கோடுகளும் புதுமையான வடிவ எண்களும் கொண்ட டயலைப் பொருத்தினார்கள். அந்நாளில் அதை விரும்பி வாங்கியவர்கள் சிலரே. அமெரிக்க நடிகர் பால் நியூமன் அத்தகைய ஒன்றை அணிந்திருந்தார். பிற்காலத்தில் அந்த டயலுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவர் அணிந்த கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று! இதில் நடிகரின் புகழுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சாதாரண மனிதர்கள் அணிந்த கடிகாரமும் அந்த டயல் இருந்தால் விலையில் உயர்ந்தே நிற்கிறது.

விலை ஏறினால் போலியும் வரும் அல்லவா? பழைய கூட்டில் புதிய டயலைப் பொருத்துவார்கள். மங்கிய டயலுக்கு மீண்டும் வண்ணம் பூசுவார்கள். உண்மையைக் கண்டறிய இங்கே அறிவியல் துணைக்கு வருகிறது.

இருளில் மணி தெரிய, எண்களின்மேல் ஒளிரும் பூச்சு இடுவது வழக்கம். 1960-கள் வரை இதற்கு ரேடியத்தைத் துத்தநாக சல்ஃபைடுடன் கலந்து பயன்படுத்தினார்கள். ரேடியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 1,600 ஆண்டுகள். ஆனால் அதன் ஆல்பாக் கதிர்கள் ஓயாது தாக்குவதால், ஒளி தரும் சல்ஃபைடு படிகங்கள் சில பத்தாண்டுகளில் கெட்டுவிடுகின்றன. ஆகவே 1950-இன் டயல் இன்று ஒளிராது. ஆனால் கெய்கர் கருவியை அருகே கொண்டுசென்றால் ‘டிக் டிக்’ என ஒலிக்கும்! அடுத்து வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகளே. 1965-இல் பூசியதில் இன்று ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். 1990-களில் கதிரியக்கமற்ற ஸ்டிரான்ஷியம் அலுமினேட் வந்தது. எனவே 1965-ஆம் ஆண்டு டயல் இரவு முழுவதும் பளிச்சென ஒளிர்ந்தால், பிற்காலத்தில் அதன்மேல் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். உடனே விலை சரிந்துவிடும்.

பழைய கறுப்பு டயல்கள் சில வெயிலில் பழுப்பாக மாறிவிடுகின்றன. செய்தவர்களுக்கு அது குறை; சேகரிப்பவர்களுக்கோ அதுவே சிறப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மங்குவதால், அதைப்போல இன்னொன்று கிடைப்பதில்லை.

இந்த ஒளிரும் எண்களுக்கு வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது. 1917 முதல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இளம்பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, ரேடியத்தால் எண்களை எழுதினார்கள். உடலுக்குள் சென்ற ரேடியம் கால்சியத்தைப் போல எலும்பில் படிந்தது, பலருக்குத் தாடை எலும்பு அழுகியது, பலர் இறந்தனர். ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்து, 1928-இல் இழப்பீடு பெற்றார்கள். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பெற அவர்களுடைய போராட்டம் வழிகோலியது.

உங்கள் வீட்டில் தாத்தாவின் கடிகாரம் இருக்கிறதா? இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம், டயலைப் புதிதாக்க வேண்டாம். அதன் மங்கலே அதன் வயதுக்குச் சான்று. ரேடியப் பூச்சு என்று ஐயம் எழுந்தால் கூட்டைத் திறக்காதீர்கள். உதிரும் தூள் மூச்சில் கலந்தால், அந்தப் பெண்களைத் தாக்கிய அதே ரேடியம் உங்கள் உடலுக்குள்ளும் போகும்.