அபாயச் சங்கு

ஆலைச் சங்கு என்றும் நகராட்சிச் சங்கு என்றும் நாம் வழங்கும் கருவிக்கு மேனாட்டார் இட்ட பெயர் சைரன். கிரேக்கப் புராணத்தில் சைரன்கள் என்போர் இனிய பாட்டால் மாலுமிகளை மயக்கி மரணத்துக்கு இழுத்த நங்கையர். 1819-இல் காஞ்ஞார் த லா தூர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, நீருக்குள்ளும் ஒலிக்கவல்ல தம் கருவிக்கு அப்பெயரைச் சூட்டினார். சாவுக்கு அழைத்தவர்களின் பெயர், உயிர்காக்கும் ஓசைக்கு அமைந்தது விந்தையே.

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள ஓக்லஹோமா, கான்சஸ், மிசூரி முதலிய மாநிலங்களை வசந்த காலத்தில் டொர்னேடோ என்னும் சுழற்காற்று தாக்குவதுண்டு. நாட்கணக்கில் கடலில் வளர்ந்து வரும் புயலன்று அது. இடிமேகத்திலிருந்து துதிக்கைபோல் இறங்கிச் சில நிமிஷங்களில் ஊரைத் துடைத்துவிடும். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வானிலை அறிக்கைகளில் அச்சொல்லையே வழங்கலாகாதென அந்நாட்டு அதிகாரிகள் தடுத்தனர். மக்கள் பீதியடைவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

1948 மார்ச் 20-ஆம் தேதி ஓக்லஹோமாவின் டிங்கர் விமானத் தளத்தைச் சுழற்காற்று சூறையாடியது. அங்குப் பணிபுரிந்த ஃபாபுஷ், மில்லர் என்ற வானிலை அதிகாரிகள் இருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்தனர். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, வானில் அதே அறிகுறிகள் தோன்றக் கண்டு எச்சரித்தனர். அன்று மாலையே காற்று வந்தது! முன்னதாக விமானங்களைப் பத்திரப்படுத்தியிருந்தமையால் சேதம் குறைந்தது.

முன்னறிந்ததை ஊருக்கு உரைப்பது எவ்வாறு? வான்தாக்குதலை அறிவிக்க நிறுவிய சங்குகள் நகரங்களில் நின்றிருந்தன. பகைவர் விமானத்துக்காகக் காத்திருந்தவை, காற்றுக்காக ஊதலாயின.

இத்துடன் கதை முடியவில்லை. 2011 மே 22 அன்று மிசூரியிலுள்ள ஜாப்ளின் நகரில் சங்கு இருமுறை ஒலித்தது. முதன்முறை ஒலித்தபோது ஏறத்தாழ இருபது நிமிஷ அவகாசம் இருந்தது. ஆயினும் பலர் உடனே பதுங்கவில்லை. அடிக்கடி ஊதிக் கேட்டுப் பழகியவர்களாதலின், வானத்தைப் பார்த்தும் தொலைக்காட்சியைத் திருப்பியும் உறுதிசெய்துகொள்ள முயன்றனர் என்று பின்னர் நடந்த அரசாங்க ஆய்வு கண்டது. 150 பேருக்கு மேல் மாண்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து நான் உணர்வது இதுவே: மக்கள் அஞ்சுவரென்று வாய்மூடியிருப்பதும் தவறு, ஓயாது ஊதிக் காதை மரக்கச் செய்வதும் தவறு. மேலும், சங்கு வெட்டவெளியில் இருப்போருக்கென அமைந்தது. வீட்டுக்குள் உறங்குவோர் அதை மட்டும் நம்பியிருக்கலாகாது. எந்த ஒலிக்கு என்ன செய்ய வேண்டுமென்று ஊரார் முன்பே அறிந்திருந்தால்தான், சங்கு ஊதிய பயன் கிட்டும்.