கூட்டமில்லாத மலைக்கும் ஒரு வரலாறு உண்டு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்குக் குடும்பத்தோடு பனிச்சறுக்கு விளையாட வாருங்கள் என்று அழைக்கும் விளம்பரங்களில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: ‘கூட்டமில்லாத மலை.’ அகன்ற வெண்சரிவு, தாய் தந்தை, இரண்டு குழந்தைகள், பின்னால் நீலவானம். வேறு ஒருவரும் இல்லை. மலையின் வெறுமை அம்மலைக்கு இயற்கை தந்த குணம் என்று அந்தப் படம் நம்மை நம்ப வைக்கிறது. அந்த வெறுமை எப்படி உண்டானது, யாருக்காகக் காக்கப்பட்டது, இன்று அது யாருக்குக் கிடைக்கிறது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். மொழியியல் பயின்றவன் என்பதால் வழக்கம்போல் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

‘பனி’ என்று தமிழில் நாம் சொல்வது பெரும்பாலும் புல்நுனியில் நிற்கும் துளியையும் விடியற்காலை மூட்டத்தையும்தான். முன்பனி, பின்பனி என்று இரு பெரும்பொழுதுகள் வகுத்த மரபில் அச்சொல்லுக்கு இதுவே பொருள். வானிலிருந்து வெண்துகளாய் விழுந்து ஆளுயரம் குவியும் பொருளுக்கும் அதே சொல்லை நீட்டிக்கொண்டோம். ‘பனிச்சறுக்கு’ அப்படிப் பிறந்த புதுச்சொல். ‘ஸ்கீ’ என்பதோ பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லின் வழித்தோன்றல். விறகுக்கட்டைக்கும் விளையாட்டுக் கருவிக்கும் ஒரே வேர். ஸ்காண்டிநேவியாவில் அது விளையாட்டாவதற்கு முன் பல நூற்றாண்டுகள் நடையாக, வேட்டையாக, அஞ்சலாக இருந்தது.

அமெரிக்க மேற்கிலும் கதை அப்படியே தொடங்குகிறது. 1856 முதல் 1876 வரை கலிபோர்னியாவின் பிளாசர்வில்லுக்கும் நெவாடாப் பக்கத்து ஜெனோவாவுக்கும் இடையே, சியரா நெவாடா மலைத்தொடரைக் குளிர்காலத்தில் கடந்து அஞ்சல் சுமந்தவர் ஜான் தாம்சன். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் 1827இல் பிறந்தவர். ஒரு வழித் தொலைவு ஏறக்குறைய 145 கிலோமீட்டர். போக மூன்று நாள், திரும்ப இரண்டு நாள். உழைப்புக்கேற்ற ஊதியம் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. வாஷிங்டன் வரை சென்று முறையிட்டும் பயனில்லை. மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஸ்னோஷூ’, அதாவது பனிக்காலணித் தாம்சன். ஆனால் அவர் அணிந்தது வலைபின்னிய பனிக்காலணி அன்று. நீண்ட பனிச்சறுக்குக் கட்டைகள். ‘ஸ்கீ’ என்ற சொல் அன்றைய அமெரிக்க ஆங்கிலத்தில் இன்னும் வேரூன்றவில்லை. ‘நார்வேக்காரர் பனிக்காலணி’ என்றே அவற்றை அழைத்தார்கள். பொருள் முதலில் வந்தது, பெயர் பிறகு வந்தது. அதே மலைத்தொடரின் தங்கச் சுரங்க ஊர்களில் 1860களிலேயே கட்டைகளுக்கு மெழுகு பூசி, பந்தயம் கட்டிச் சறுக்கியிருக்கிறார்கள். ஆக, அந்த மலைகளில் முதலில் சறுக்கியவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்லர்; அங்கே பிழைத்துக் கிடந்தவர்கள்.

அவர்களுக்கும் முன்பு அங்கே மக்கள் இருந்தார்கள். கொலராடோ மலைகள் யூட் மக்களின் நிலம். ‘மக்கள்’ என்று பொருள்படும் ‘நூச்சு’ என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். கோடையில் உயர்ந்த பள்ளத்தாக்குகளுக்கு வேட்டைக்கு ஏறுவதும் குளிரில் தாழ்நிலத்துக்கு இறங்குவதும் அவர்கள் வாழ்முறை. 1868 உடன்படிக்கை கொலராடோவின் மேற்குப் பகுதியை அவர்களுக்கு உறுதி செய்தது. சான் ஹுவான் மலைகளில் கனிமம் தெரிந்ததும், 1873இல் அந்தப் பகுதி பிரித்து எடுக்கப்பட்டது. 1879இல் மீக்கர் முகவரகத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு, ‘யூட்டுகள் வெளியேற வேண்டும்’ என்ற கூக்குரல் மாநிலமெங்கும் எழுந்தது. 1881இல் வடபகுதி யூட் மக்கள் யூட்டாவுக்குத் துரத்தப்பட்டனர்; தெற்கில் ஒரு குறுகிய நிலப்பட்டை மட்டும் எஞ்சியது. இன்றைய விளம்பரப் படத்தின் ‘ஆளில்லாத பள்ளத்தாக்கு’ முதன்முதலில் ஆளில்லாததாக ஆக்கப்பட்டது இப்படித்தான்.

இரண்டாவது வெறுமை சுரங்கம் விட்டுச்சென்றது. ஆஸ்பென் ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1890களின் தொடக்கத்தில் 12,000 பேர் அளவில் வாழ்ந்த ஊர் அது. 1893இல் அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் விலை சரிந்தது. 1930இல் அங்கே எஞ்சியவர்கள் ஏறக்குறைய 700 பேர். யூட்டாவின் ஆல்டாவும் அப்படிப்பட்டதே. சுரங்கத் தூண்களுக்கும் உலைகளுக்கும் மரங்களை வெட்டி மலையை மொட்டையாக்கியதால் பனிச்சரிவுகள் ஊரையே புதைத்தன. 1930களில் அங்கே பேருக்கு எஞ்சியிருந்த ஜார்ஜ் வாட்சன் தம்மைத் தாமே மேயர் என்று அழைத்துக்கொண்டவர்; தம் சுரங்க நிலங்களின் மேற்பரப்பு உரிமையை அமெரிக்க வனத்துறைக்கு விட்டுக்கொடுத்தார். பழைய சுரங்கக் கம்பிவடத் தடத்தின் பாகங்களைக் கொண்டு 1939 ஜனவரியில் அங்கே சேர்லிஃப்ட் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து தாது இறக்கிய கம்பி மலைமேல் மனிதரை ஏற்றியது. பார்க் சிட்டி இன்னும் ஒரு படி மேலே போனது: 1963இல் கூட்டரசின் கடன் பெற்று, சுரங்க நிறுவனமே பனிச்சறுக்கு மலையைத் திறந்தது. தொடக்க ஆண்டுகளில் விருந்தினர் சுரங்க ரயிலில் இருட்டுக்குள் போய், சுரங்கத் தூக்கியில் ஏறக்குறைய 550 மீட்டர் மேலேறி மலைமீது வெளிப்பட்டார்கள்.

சேர்லிஃப்டின் பிறப்பும் சுவையானது. யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் ஆவரெல் ஹாரிமன், பொருளாதார மந்த காலத்தில் குறைந்துபோன பயணிகளை ஈர்க்க ஒரு வழி தேடினார். இடம் பார்க்க அனுப்பப்பட்ட ஆஸ்திரியப் பிரபு ஃபெலிக்ஸ் ஷாஃப்கோட்ச் மலை மலையாய் அலைந்து, ஐடஹோவின் கெட்சம் என்ற தேய்ந்துபோன சுரங்க ஊரைத் தேர்ந்தெடுத்தார். 1936 டிசம்பரில் அங்கே சன் வேலி திறந்தது. ரயில்வே பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன் அதற்கு முன் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கித் தொடர்களை வடிவமைத்தவர். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினால் ஆளும் ஏறலாமே என்று அவருக்குத் தோன்றியது. உலகின் முதல் பனிச்சறுக்குச் சேர்லிஃப்ட் வாழைத்தாருக்குக் கடன்பட்டது. இந்தக் கருவி வராமல் குடும்ப விடுமுறை என்ற ஒன்று வந்திருக்காது. அதுவரை பெரும்பாலான இடங்களில் ஒருமுறை சறுக்க ஒருமுறை நடந்தே ஏற வேண்டும். எட்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை ஏறும்?

அடுத்த பெருந்திருப்பம் போர். கொலராடோவின் கேம்ப் ஹேலில் 1942 முதல் பயிற்சி பெற்றது பத்தாவது மலைப்படைப் பிரிவு. 1945இல் இத்தாலிய மலைகளில் போரிட்டு, ஏறக்குறைய 1,000 பேரை இழந்தது. திரும்பியவர்களில் பலர் பனிச்சறுக்குத் தொழிலில் இறங்கினர். போரில் காயமுற்ற பீட் சீபர்ட் 1962 டிசம்பரில் வெய்லைத் திறந்தார். அப்போது ஒருநாள் கட்டணம் 5 டாலர். நெடுஞ்சாலைகள் வந்தன, 1973இல் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை டென்வரிலிருந்து மேற்கே செல்லும் வழியைச் சுருக்கியது. கார், சம்பள விடுப்பு, பள்ளி விடுமுறை ஆகிய மூன்றும் கூடி, நடுத்தரக் குடும்பத்தை மலைக்குக் கொண்டுவந்தன.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மேற்கின் பெரிய பனிச்சறுக்கு மலைகளில் பெரும்பாலானவை தனியார் நிலம் அல்ல. 1891இல் தொடங்கிய வன ஒதுக்கீடு, 1905இல் அமைந்த வனத்துறை ஆகியவற்றின் வழியாகப் பொதுச்சொத்தானவை. வெய்லும் பிரெக்கன்ரிட்ஜும் ஒயிட் ரிவர் தேசிய வனத்தில் அனுமதி பெற்று இயங்குகின்றன. நிறுவனங்கள் வருவாயில் படிநிலையாக 1.5 முதல் 4 விழுக்காடு வரை அரசுக்குக் கட்டுகின்றன. விடுதியும் வீடும் அடிவாரத் தனியார் நிலத்தில். சரிவு பொதுமக்கள் நிலத்தில். அந்தச் சரிவில் ஒருநாள் சறுக்க வெய்லில் இன்று உச்சக் காலத்தில் 300 டாலருக்கு மேல். பொது நிலத்துக்கு இந்த விலை என்றால், ‘பொது’ என்ற சொல் அங்கே என்ன பொருள் தருகிறது?

விலையின் கதையில் ஒரு முரண் இருக்கிறது. 1998இல் ஐடஹோவின் போகஸ் பேசின் என்ற சிறிய மலை, 500 டாலர் அளவில் இருந்த சீசன் பாஸை 199 டாலராகக் குறைத்தது. வாங்கியவர் எண்ணிக்கை பல மடங்கானது. அதே ஆண்டு கொலராடோவின் விண்டர் பார்க் நான்கு பேருக்கான பாஸை 800 டாலருக்கு விற்றது; ஒரு குடும்பத்துக்கென்றே எண்ணி வைத்த கணக்கு. உள்ளூர்க் குடும்பங்களுக்காக எழுந்த இந்த உத்தியைப் பெருநிறுவனங்கள் கற்றுக்கொண்டன. 2008இல் எபிக் பாஸ், 2018இல் ஐகான் பாஸ் வந்தன. ஒரே அட்டையில் பல மலைகள். முன்கூட்டியே வாங்கினால் மலிவு, அன்றன்றைக்கு வாங்கினால் எட்டாத விலை. அட்டை வைத்திருப்போர் எல்லாம் ஒரே சில மலைகளுக்குப் போக, சாலையிலும் லிஃப்ட் அடியிலும் வரிசை நீண்டது. கூட்டமே ‘கூட்டமில்லாத மலை’யை விற்பனைச் சரக்காக்கியது. 1980களின் தொடக்கத்தில் நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு இடங்கள் இருந்தன. இன்று 500க்கும் குறைவு. வருகையோ 2022-23 பருவத்தில் ஆறரைக் கோடியைத் தாண்டியது. இடம் குறைந்தது, கால்கள் பெருகின.

ஆனாலும் உண்மையிலேயே நெரிசல் குறைந்த மலைகள் இருக்கின்றன. அவை எப்படிப் பிழைத்தன என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் 1915 முதல் இயங்கும் ஹொவெல்சன் ஹில் நகராட்சியின் உடைமை. உயரத்தில் சிறியது, ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியதில் பெரியது. 1942இல் தொடங்கிய போகஸ் பேசினும், மொன்டானாவின் போஸ்மன் நகரையொட்டி 1955இல் தொடங்கிய பிரிட்ஜர் பௌலும் இலாப நோக்கற்ற அமைப்புகள். ஆரகனின் மவுண்ட் ஆஷ்லாந்தை 1992இல் ஊர்மக்களே நன்கொடை திரட்டி மீட்டார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பள்ளி முடிந்து மாலையில் வந்து சறுக்கும் மலைகள் இவை. பிரிட்ஜர் பௌலில் விழும் உலர்ந்த மென்பனிக்கு உள்ளூரார் இட்ட பெயர் ‘குளிர்ப்புகை’. ஒரு பொருளோடு நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கே இப்படிப்பட்ட சொல் வாய்க்கும்.

பெயரின் நீதி பற்றியும் ஒன்று. 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த கலிபோர்னிய மலையின் பெயரில் ‘ஸ்குவா’ என்ற சொல் இருந்தது. கிழக்கே வழங்கிய அல்கோன்கியன் மொழிகளில் பெண்ணைக் குறித்த சொல்லிலிருந்து வந்து, குடியேறிகளின் வாயில் பூர்வகுடிப் பெண்களை இழிக்கும் வசையாக மாறிய சொல் அது. மலையோ அந்த மொழிகளுக்குத் தொடர்பே இல்லாத வாஷோ மக்களின் நிலம். 2021இல் அந்த மலை ‘பாலிசேட்ஸ் டாஹோ’ ஆனது. மறு ஆண்டு கூட்டரசு 600க்கும் மேற்பட்ட இடப்பெயர்களிலிருந்து அச்சொல்லை நீக்கியது. பெயர் மாறினால் நிலம் திரும்பிவிடாது என்பது உண்மை. ஆனால் மலைக்கு ஒரு முன்கதை உண்டு என்பதை ஒரு பெயர்ப்பலகையாவது ஒப்புக்கொள்கிறது.

எனவே ஒரு குடும்பம் அந்த அமைதியான சரிவில் நின்று மகிழ்வதில் குற்றம் காண்பது என் நோக்கம் அன்று. குழந்தை முதன்முறை விழாமல் சறுக்கி இறங்கும் நொடியின் மகிழ்ச்சி எந்த நாட்டிலும் மகிழ்ச்சிதான். நான் சொல்ல வந்தது, வெறுமை பலவகை என்பதே. ஆளைத் துரத்தி உண்டாக்கிய வெறுமை உண்டு. தொழில் செத்து உண்டான வெறுமை உண்டு. விலையால் வேலியிட்டு உண்டாக்கும் வெறுமை உண்டு. ஊரார் கூடி, ‘நம் மலை நம் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும்’ என்று சிறியதாகவே வைத்துக் காக்கும் அமைதியும் உண்டு. புகைப்படத்தில் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது வரலாற்றின் வேலை.

நம் நாட்டிலும் பனிமலைகள் வேகமாகச் சுற்றுலாத் தலங்களாகி வருகின்றன. கம்பிவட ஊர்தி வரட்டும், விடுதி வரட்டும். நிலம் யாருடையது, கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள், மலையடிவாரப் பிள்ளைகளுக்கு அதில் இடம் உண்டா என்ற மூன்று கேள்விகளை மட்டும் முதல் தூண் நடுவதற்கு முன்பே கேட்டுவைப்போம்.