காற்றுக்குக் கணக்கெழுதிய கதை

பஞ்சாலைகளின் வரலாறு பெரும்பாலும் கதிர்களையும் சக்கரங்களையும் கொண்டே எழுதப்படுகிறது. காற்றுக்கு அதில் இடம் அரிது. ஆனால் கடந்த நூற்றாண்டில் நூற்பின் போக்கை மாற்றிய கருவி காற்றை நம்பியே இயங்கியது.

வளைய நூற்பில் நூலுக்கு முறுக்கேற்ற, நூல் சுற்றிய கண்டு முழுவதும் சுழன்றாக வேண்டும். வேகத்துக்கு அதுவே தளை. 1967இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த பி.டி. 200 என்னும் ஓப்பன் எண்ட் எந்திரம் அத்தளையை அறுத்தது. அது பஞ்சைத் தனித்தனி இழைகளாகப் பிரித்தது. அவற்றைக் காற்றில் ஏற்றி, குறுகிச்செல்லும் குழாய் வழியே ரோட்டார் என்னும் கிண்ணத்துக்குள் செலுத்தியது. நிமிடத்துக்குச் சுமார் 30,000 முறை சுழன்ற அச்சிறு கிண்ணமே முறுக்கை ஏற்றியது.

குழாய் குறுகக் குறுகக் காற்று விரைவுறும். இழையின் முன்முனை பின்முனையைவிட வேகமாக இழுபடுவதால் இழை நிமிரும். காற்று எங்கேனும் சுழித்துத் திரும்பினாலோ, இழை கொக்கிபோல் மடியும்; மடிந்த நீளம் நூலின் வலுவுக்கு உதவாது. ஆனால் மூடிய உலோகத்துக்குள் நிகழும் சுழிப்பைக் கண்ணால் காண்பது அரிது. குழாயைக் குடைவது, நூற்பது, நூலைச் சோதிப்பது, மீண்டும் குடைவது என்பதே நெடுங்கால வழக்கம்.

பாய்மங்களின் இயக்கத்தை விளக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பிறந்துவிட்டன. அவற்றைக் கணினியில் தீர்க்கும் வழிகளுள் புகழ்பெற்ற ஒன்றை 1972இல் வெளியிட்டவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த பிரையன் ஸ்பால்டிங்கும், மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்று அங்கே ஆய்வு செய்யச் சென்ற சுஹாஸ் பாட்டண்கரும். ‘சிம்பிள்’ எனப்படும் அம்முறை அழுத்தத்தை முதலில் ஊகிக்கும். அதைக்கொண்டு வேகத்தைக் கணிக்கும். ஒவ்வொரு சிறு கட்டத்திலும் வரவும் செலவும் ஒத்துவரும்வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே செல்லும். கணக்குப்பிள்ளையின் பொறுமையே அதன் உயிர்.

அது நூற்புக்காகப் பிறந்த முறையன்று. எனினும் 1990களில் கணினிவழிப் பாய்மக் கணிப்பு நூற்பாய்வுக்குள் நுழைந்தது. இழைக்குழாயின் காற்றோட்டத்தைக் கோங், பிளாட்ஃபுட் ஆகிய ஆய்வாளர்கள் கணித்து 1996இல் வெளியிட்டனர். உலோகத்தை வெட்டுமுன்னரே குழாயின் வடிவத்தைத் திரையில் மாற்றிப் பார்க்க வழி பிறந்தது.

கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. ஆலைகள் கழிவுப் பஞ்சையும் நூலாக்குகின்றன. அதன் இழைகள் இயல்பிலேயே குட்டையானவை. மடிந்து இழக்க அவற்றுக்கு நீளமில்லை. காற்றின் கணக்குப் பிழைத்தால் முதலில் அறுவது அந்நூலே.

வளைந்து, துவண்டு, ஒன்றோடொன்று உரசும் இழையைக் கணிப்பது காற்றைக் கணிப்பதினும் கடினம். ஆகவே இறுதித் தீர்ப்பு இன்றும் நூலைச் சோதிக்கும் கருவியிடமே உள்ளது. கருவி முதலில் வந்தது. அதன் உள்ளே நிகழ்வதற்கான விளக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே வரத் தொடங்கியது.