கைமாறிய தோட்டங்களும் கைமாறிய கப்பல்களும்: ஊவாப் பெருந்தோட்ட வரலாற்றில் மந்தகாலக் கொள்வனவு

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செல்வோருக்கு நமுனுகுல மலைத்தொடர் நெடுந்தூரம் கண்ணில் நிற்கும். ஒன்பது சிகரங்கள் என்று பொருள்படும் பெயரும் 2,036 மீற்றர் உயரமும் கொண்ட இம்மலையின் சரிவுகளில் இன்று காணப்படும் தேயிலைப் பசுமை, அங்கு என்றும் இருந்தது போன்றதொரு தோற்றத்தைத் தருகின்றது. பெருந்தோட்ட வரலாற்றை எழுதுவோரிற் பலரும் தோட்டத்தை அவ்வாறே, நிலைத்து நிற்கும் ஒரு நிறுவனமாகவே, நோக்கியுள்ளனர். உண்மையில் தோட்டம் என்பது விலைக்கு வாங்கப்பட்டு, ஈடு வைக்கப்பட்டு, ஏலத்தில் விடப்பட்டு, மீண்டும் விற்கப்பட்ட ஒரு பண்டமாகும். ஒருவர் பாவித்த கப்பலை இன்னொருவர் மந்தகாலத்தில் மலிவாக வாங்குவது போலவே, ஊவாவின் பல தோட்டங்களும் முதல் உடைமையாளனின் வீழ்ச்சியில் இரண்டாம் உடைமையாளன் பெற்ற பேறுகளாகும். இவ்வொப்புமை வெறும் அணியன்று. ஹப்புத்தளையில் அவ்வாறு தோட்டம் வாங்கிய ஒருவர் கப்பல்களையும் வாங்கினார். அவருடைய கப்பல் இன்னொரு மந்தகாலத்தில் கைமாறிற்று. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், விலை என்பது எதனால் ஆனது என்ற வினாவுக்கு விடை காணலாம்.

வீழ்ச்சியின் தொடக்கமே ஊவாவிலேதான் நிகழ்ந்தது. நமுனுகுலவிற்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டமொன்றில் 1869இல் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரியை இங்கிலாந்தில் ஆராய்ந்த பேர்க்லி, அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்ராட்றிக்ஸ் என்று பெயரிட்டார். நோய் பரவியபோதும் துரைமார் உடனடியாக அஞ்சவில்லை. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால், விளைச்சல் குறைந்தும் வருமானம் குறையவில்லை. எனவே கடன் பெற்று மேலும் காடுகளை அழித்துக் கோப்பியையே நட்டனர். நோய் முற்றிய காலத்தில், கடன்பட்டுத் திறந்த தோட்டங்களே மிகுந்திருந்தன. 1878இல் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்து பிரித்தானியாவிற் கடன் இறுகியது. பிரேசிற் கோப்பி விலையைக் கீழிறக்கியது. 1884 மே மாதம் ஒறியன்ரல் வங்கி கதவடைத்தபோது, அதன் நாணயத்தாள்களுக்கு ஆளுநர் ஆதர் கோர்டன் அரசின் பொறுப்பை வழங்க நேர்ந்தது. 1870 அளவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தராக இருந்த கோப்பி ஏற்றுமதி, இருபது ஆண்டுகளில் அதன் பத்திலொரு பங்காகச் சுருங்கியது.

இத்தகைய நிலையில் ஒரு தோட்டத்தின் விலை எவ்வாறு மதிக்கப்பட்டது? கோப்பி மரத்துக்கு விலையில்லை. அது பிடுங்கியெறியப்பட வேண்டிய சுமை. ஆயினும் அழிக்கப்பட்ட காடு, வெட்டிய பாதை, கட்டிய பண்டசாலை, லயங்கள் ஆகியன எஞ்சின. இவற்றைப் புதிதாக உண்டாக்க ஆகும் செலவிற் சிறு பகுதியைக் கொடுத்து வாங்க முடிந்தவனுக்குத் தேயிலை ஒரு பெருவாய்ப்பாயிற்று. பழைய கப்பலை வாங்குவோன் அடித்தளம் உறுதியா என்று தட்டிப் பார்ப்பதுபோல, தோட்டத்தை வாங்குவோன் மண்ணையும் நீரையும் மட்டும் பார்த்தான் என்று கருதிவிடலாகாது. அவன் பார்த்த இன்னொன்றும் உண்டு. அதுவே இக்கட்டுரையின் மையப்பொருள்.

அது ஆள்வலு. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவருவதற்குக் கங்காணிக்குத் தோட்டம் முற்பணம் கொடுத்தது. அம்முற்பணம் வழிச்செலவாகவும் அரிசியாகவும் தொழிலாளியின் பேரிற் கடனாக ஏறியது. தோட்டக் கணக்கில் அக்கடன் தோட்டத்துக்கு வரவேண்டிய சொத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவிய ‘துண்டு’ முறை இதனை மேலும் வெளிப்படையாக்கியது. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவனுடைய ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. அதைக் கையில் ஏந்திக் கங்காணி வேறு தோட்டத்தை நாடுவான்; புதிய துரை தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவான். ஒவ்வொரு மாற்றத்திலும் தொகை ஏறுமேயன்றி இறங்குவது அரிது. பண்டத்தின் மறுவிற்பனை விலை பாவனையாற் குறைவது பொதுவிதி. கடனுடன் பிணைக்கப்பட்ட உழைப்பாளியின் ‘விலை’யோ கைமாறக் கைமாற உயர்ந்தது. தோட்டம் முழுமையாக விற்கப்பட்டபோது இக்கடன்களும் மண்ணோடு சேர்ந்தே கைமாறின. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழிக்கும்வரை இந்நிலை நீடித்தது.

மறுபக்கத்தில், தோட்டம் தொழிலாளிக்குச் செலுத்த வேண்டிய கடனும் இருந்தது. கோப்பி வீழ்ச்சிக் காலத்திற் பல மாதச் சம்பளம் நிலுவையாய்க் கிடக்கத் தோட்டங்கள் முறிந்தன. ஈட்டுக்காரன் தோட்டத்தைக் கைப்பற்றினான்; புதியவன் வாங்கினான்; பழைய சம்பளத்துக்குப் பொறுப்பாளி யார் என்பது வழக்காயிற்று. நிலுவைச் சம்பளத்துக்கு முன்னுரிமை அளிக்கவும் உரிய காலத்திற் கொடுபடச் செய்யவும் 1880களில் அரசு சட்டமியற்ற வேண்டியதாயிற்று. தொழிலாளியின் கடன் தோட்டத்தோடு தடையின்றிக் கைமாறிய அதே காலத்தில், தொழிலாளிக்கு உரிய கடன் கைமாறச் சட்டம் தேவைப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இச்சூழலில், 1890இல், தோமஸ் லிப்டன் இலங்கை வந்தார். கிளாஸ்கோவில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, 1871இல் ஒரு சிறு மளிகைக் கடையுடன் தொடங்கிப் பிரித்தானியா எங்கும் கடைகளை நிறுவிய வணிகர் அவர். ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை அவர் வாங்கினார். இடைத்தரகரை நீக்கித் தோட்டத்துத் தேயிலையை நேரே பாவனையாளனின் கோப்பைக்குக் கொண்டுவருவதாக அவருடைய விளம்பரங்கள் கூறின. அவர் விற்ற தேயிலையிற் பெரும்பகுதி பிறர் தோட்டங்களில் விளைந்ததே. ஆயினும் சொந்தத் தோட்டம் என்ற பெயர் விளம்பரத்துக்கு இன்றியமையாததாயிருந்தது. இலங்கைத் தேயிலை ஏற்றுமதி அவ்வாண்டில் நான்கு கோடி இறாத்தலைக் கடந்திருந்தது. புகையிரதமோ 1885இல் நானுஓயாவோடு நின்றிருந்தது. அது 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பாதை வருமுன்னர் வாங்கிய நிலம், பாதை வந்தபின் வேறொரு விலையைப் பெறும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அப்பாதை பொதுவருமானத்தால் அமைந்தது. அவ்வருமானத்தில், தோட்டத் தொழிலாளி உண்ட இறக்குமதி அரிசியின் மீதான தீர்வையும் சேர்ந்திருந்தது. வாங்கியவனின் மதிநுட்பம் என்று போற்றப்படுவதில் ஒரு பங்கு இவ்வாறு பிறர் செலவில் விளைந்ததாகும். நமுனுகுலப் பகுதி இப்பேற்றுக்கு 1924இல் புகையிரதம் பதுளையை அடையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனிக் கப்பல்களுக்கு வருவோம். 1898இல் லிப்டன் தமது வணிகத்தைப் பொதுக் கம்பனியாக்கினார். அவ்வாண்டிலேயே ஒரு நீராவி உல்லாசக் கப்பலையும் வாங்கினார். அது புதியதன்று. சிசிலியின் புளோரியோ குடும்பத்துக்காக 1896இல் ஸ்கொத்லாந்திற் கட்டப்பட்ட ‘ஏகூசா’ என்னும் கப்பலே ‘எரின்’ என்று பெயர் மாறியது. (புளோரியோ குடும்பத்தார் சூரைமீன் பிடித்த பவிஞ்ஞானாத் தீவின் பழம்பெயரே ஏகூசா. தேயிலை வணிகர் அதை அழித்துத் தமது மூதாதையரின் நாட்டுப் பெயரைச் சூட்டினார்.) மன்னரும் பிரபுக்களும் விருந்துண்ட அக்கப்பல், முதலாம் உலகப்போரிற் கடற்படையின் வசமாகிப் பழைய பெயரையே மீண்டும் பெற்று, 1916இல் மோல்ற்றாவுக்கு அருகே கண்ணிவெடியில் மூழ்கியது.

அமெரிக்கக் கிண்ணத்துக்கான பாய்க்கப்பற் போட்டியில் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை அவர் அறைகூவினார், ஐந்திலும் தோற்றார். ஒவ்வொரு முறையும் ‘சாம்ரொக்’ என்ற பெயரிற் புதுப் படகொன்று கட்டப்பட்டது. போட்டிப் படகு பண்டங்களிலெல்லாம் மறுவிற்பனைக்கு மிகத் தகுதியற்றது. ஒரே கோடையின் வேகத்துக்காகக் கட்டப்படுவது. சரக்கேற்றவும் இயலாது, மீன் பிடிக்கவும் உதவாது. 1903இல் லிப்டனை வென்ற ‘றிலையன்ஸ்’ பத்தாண்டுகளில் உடைக்கப்பட்டது. 1930இல் அவரை வென்ற ‘என்ரர்பிறைஸ்’ 1935இல் உலோகத்துக்காக உடைக்கப்பட்டது.

ஐந்தாம் சாம்ரொக் இவ்விதிக்குத் தப்பியது. 1930 ஏப்ரிலில் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் நீரில் இறக்கப்பட்ட அப்படகு, உருக்குச் சட்டத்தின்மீது மரப்பலகை பொருத்தியது. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1931 செப்டெம்பர் 21இல் பிரித்தானியா பொன் நியமத்தைக் கைவிட்டது. பதினொரு நாட்களின் பின், அக்டோபர் 2இல், லிப்டன் இறந்தார். படகை விமான உற்பத்தியாளரான சொப்வித் வாங்கினார். அவருக்கு அது பயிற்சிக் களமாயிற்று; அதில் பெற்ற அனுபவத்தோடு 1934இல் தமது சொந்தப் படகான ‘என்டெவர்’ஐப் போட்டிக்குக் கொண்டு சென்றார். அடுத்து வாங்கிய பெயரியும் விமானம் செய்தவரே. 1937இல் இத்தாலியரான கிறெஸ்பியின் கையிற் சேர்ந்தது. பிறமொழிப் பெயரைப் பாசிச ஆட்சி தடுத்தமையால் ‘குவாட்றிபோலியோ’, அதாவது நான்கிலைத் தீவனப்புல், என்று பெயர் பெற்றது. மளிகைக்கும் தேயிலைக்கும் பதிலாக விமானமும் ஆலையும் அப்படகை வைத்திருக்கும் வலிமை பெற்றன என்பதில் அக்கால மூலதனத்தின் இடப்பெயர்வையே காணலாம்.

ஹப்புத்தளைத் தொழிலாளியின் வியர்வை நேரே இப்படகின் பாயாக விரிந்தது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று. 1927 அளவிலேயே லிப்டன் கம்பனியின் ஆதிக்கத்தை இழந்திருந்தார். படகு அவருடைய சொந்தச் சொத்து. தோட்டங்கள் கம்பனியின் சொத்து. எனினும் மந்தம் இரண்டையும் நடத்திய விதம் ஒப்பிடத்தக்கது. விற்கப்பட்ட படகை அடுத்தவர் பராமரித்தார். மலைநாட்டில் ஆண் தொழிலாளிக்கு 1929இல் நாளொன்றுக்கு 54 சதமென விதிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமோ 1931 முதற் படிப்படியாக வெட்டப்பட்டது. வேலையற்ற ஆயிரக்கணக்கானோர் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1933இல் ஏற்பட்ட சர்வதேசத் தேயிலை உடன்படிக்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கியது. தோட்டத்தின் விலைக்கு இவ்வாறு ஒரு முட்டு கிடைத்தது. சம்பளத்துக்கு அத்தகைய முட்டு கிடைத்திலது. லிப்டனின் உயில், செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அளித்தது.

இதே பத்தாண்டில் வடக்கிலும் ஒரு கப்பல் கைமாறிற்று. வல்வெட்டித்துறையில் நம்மவர் கைகளாற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். அங்கும் பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: மாலுமிகள் கப்பலின் விலையிற் சேர்க்கப்பட்டவர் அல்லர்.

தோட்டங்களின் கதை இதன்பின்னும் கைமாற்றங்களின் கதையே. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களை 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலக்கங்களாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசலாம் என்று. நமுனுகுல, பசறை, மடுல்சீமை லயங்களிலிருந்தும் குடும்பங்கள் பதுளைப் புகையிரதமேறின. ‘ராமானுஜம்’ கப்பல் அத்தகையோரைத் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கொண்டு சென்றது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. நட்டஈட்டுப் பேச்சில் மண்ணும் கட்டடமும் தேயிலையும் மதிக்கப்பட்டன. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. அவற்றுள் ஒன்று நமுனுகுல என்ற பெயரையே தாங்கியது. இவ்விரு கைமாற்றங்களுக்கும் இடையில், 1986இல், அமெரிக்காவிலிருந்த லிப்டன் தேயிலைக் கம்பனி ஐந்தாம் சாம்ரொக்கை மீண்டும் விலைக்கு வாங்கி, லிப்டன் கடைசியாகத் தோற்ற நியூபோர்ட் நகரின் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்புச் செய்தது.