வெறும் பலகையின் விலை

பழம்பொருள் என்றதும் செப்புத் திருமேனியும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம்மில் பலருடைய வாழ்நாளிலேயே பிறந்து, பழசாகிக் கழிக்கப்பட்டு, இன்று அரும்பொருளாகத் தேடப்படும் ஒரு கருவியின் வரலாறு இது.

1976ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞர் ‘ஆப்பிள்-1’ என்ற கணிப்பொறியை வடிவமைத்தார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ் அதனை விற்க முனைந்தார். கணிப்பொறி என்று பெயரே தவிர, சில்லுகள் பொருத்திய ஒரு பலகைதான் அது. பெட்டி, விசைப்பலகை, திரை யாவற்றையும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். விலை 666 டாலர் 66 சென்ட். செய்யப்பட்டவை ஏறக்குறைய 200.

மறு ஆண்டே ஆப்பிள்-2 வெளிவந்தது. பழைய பலகையைப் பற்றிய ஐயங்களுக்கு விடை சொல்ல வாஸ்னியாக்கை விட்டால் ஆளில்லை. ஆகவே நிறுவனம் பழையதைப் பெற்றுக்கொண்டு புதியதைச் சலுகையில் தந்தது. திரும்பி வந்த பலகைகளை அழித்தும் விட்டது. இன்றைய அருமைக்கு வித்திட்டது அந்த அழிவே.

சாஃபி கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், ஆப்பிள்-2 வாங்கும் பொருட்டு, 1977இல் தம் பலகையை மாணவர் ஒருவருக்கு 650 டாலருக்கு விற்றார். மாணவர் அதனைப் பத்திரமாக வைத்திருந்தார். 2021 நவம்பரில் அது ஏலத்தில், கட்டணம் உள்பட, 500,000 டாலருக்குப் போயிற்று. அதற்கு முன்பே, 2014இல், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் வேறொரு பலகையை 905,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தது.

மதிப்பிடுவோர் எதைப் பார்க்கிறார்கள்? சில்லுகள் ஆதியில் பொருத்தியவைதாமா, பற்றவைப்பில் பிற்காலக் கை பட்டிருக்கிறதா, கையேடும் ஒலிநாடாவும் உடன் உள்ளனவா என்று பார்க்கிறார்கள். இயங்கும் பலகைக்கு விலை கூடும். ஆனால் இயக்குவதற்காக, வயதேறி உலர்ந்த மின்தேக்கிகளை மாற்றினாலோ மூலத்தன்மை குறையும். சேகரிப்போரிடையே இது தீராத வழக்கு. மாற்றாமல் விடுவதே நன்று என்பது என் கருத்து. ஓடுவதைக் காண விரும்புவோர்க்கு அதே அமைப்பில் செய்த நகல்கள் இருக்கின்றன.

மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் பழைய கணிப்பொறியை எடைக்குப் போட்டுவிட்டு ரயிலேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் மனம் வருந்த வேண்டாம். பல இலட்சக்கணக்கில் விற்ற ஆப்பிள்-2 வகைகளுக்கே இவ்விலையில் சிறு பங்குகூடக் கிடைப்பதில்லை.